ரஷீதா வீட்டுக் கிணறும் மூன்றாம் எண் பிளானும்

எங்கள் நகராட்சியில் ஒருவரை வெளி மாநிலத்துக்கு அனுப்புவதென்றால், அந்த ஊரில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். தங்கும் செலவு மிச்சமாகும் அல்லவா? அப்படித்தான் வெறும் டிராஃப்ட்ஸ்மேனாகிய நான், எழுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம் ஹைதராபாத் போய்வந்தேன். என் அக்கா கிரேஸை அங்கே கட்டிக்கொடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

போன காரியம் இதுதான். எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காது. பஞ்சாலைத் தொழிலாளிகளும் பள்ளிக்கூட வாத்தியார்களும் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போனார்கள். வீடு வைத்திருந்தவர்களோ, குடி வைத்தால் அப்புறம் கிளப்ப முடியாது என்று பயந்து பூட்டி வைத்து எலிக்கும் பல்லிக்கும் விட்டிருந்தார்கள். ஹைதராபாத் பக்கம் ஒரு நகர சபை, வீடு கட்டுகிறவர்கள் தாங்களாகவே பின்பக்கம் ஒரு சின்ன வாடகைப் பகுதியும் சேர்த்துக் கட்டும்படி ஏதோ செய்திருக்கிறது என்று எங்கள் கமிஷனர் கேள்விப்பட்டார். “ஒரு வாரம் போய், அவன் என்ன மாயம் பண்ணுதான்னு பாத்துட்டு வாரும்” என்றார்.

திங்கட்கிழமை காலை செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியபோது பல் கிட்டியது. டிசம்பர் என்றால் எங்கள் ஊரில் ஒரு சால்வை போதும். அதையும் காதுக்குத்தான் கட்டுவோம். அரைக்கைச் சட்டையோடு ஆட்டோவில் ஏறி, அத்தானின் கம்பெனி பெயரையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் எழுதிய தாளை நீட்டினேன். ஓட்டுநர் தலையை ஆட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்தில் மத்திய அரசுக் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குவார்ட்டர்ஸ். எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு. சி வரிசை நாற்பத்தேழாம் எண் கதவைத் தட்டினேன். மடிசார் கட்டிய ஒரு மாமி திறந்து, “வாங்கோ, ஊர்லேர்ந்து வரேளா? உள்ள வாங்கோ” என்று நாற்காலி போட்டாள். நானும் அக்கா வீட்டில் விருந்தாளி போலிருக்கிறது என்று உட்கார்ந்தேன். காபி வந்தது. நல்ல டிகிரி காபி. பாதி குடித்த பிறகுதான் சுவரில் பெருமாள் படத்தைப் பார்த்தேன். அக்கா வீட்டில் இயேசுநாதர் அல்லவா இருக்க வேண்டும்! மாமியும் என்னைத் தன் ஓரகத்தியின் தம்பி என்று நினைத்திருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் அவள் கோபப்படவில்லை. “உங்களது அடுத்த கம்பெனி. இங்க எல்லாருக்கும் ஒரு தடவையாவது இது நடக்கும். காபியைக் குடிச்சுட்டுப் போங்கோ” என்றாள்.

அத்தான் செல்லத்துரை மெஷின் ஷாப்பில் ஃபோர்மேன். மார்ச்சில் ஓய்வு. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அதற்காக மல்காஜ்கிரியில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். எந்தத் திட்டத்தைப் பார்க்க நான் வந்தேனோ அதே திட்டத்தில்தான் கட்டுகிறார் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். முன்பக்கம் அவர்களுக்கு. பின்பக்கம் ஓர் அறை, சமையலறை, கக்கூஸ் கொண்ட வாடகைப் பகுதி.

“நீ எதுக்குல நகர சபைக்கு அலையுத? நம்ம வீட்டப் பாத்தாப் போதும், மொத்தத் திட்டமும் இருக்கு” என்றார் அத்தான். அக்கா மகள் ஷீலா, கல்லூரியில் படிக்கிறவள், நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் பதில் சொன்னாள். இன்னும் ஒரு இட்லி வைக்கட்டுமா என்று அக்கா கேட்டால், வேண்டாம் என்பதற்கு “நக்கோ மம்மி.” அத்தானும் ஆமாம் என்பதற்கு “ஹவ்” என்கிறார். அக்கா மட்டும் எங்கள் பக்கத்து நாசரேத்துத் தமிழை ஊறுகாய்ப் பரணி போல மூடிப் பத்திரமாக வைத்திருந்தாள். கோங்குராக் கீரையைப் போட்டு அவள் வைத்திருந்த புளிக்குழம்பை நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நகர சபை அலுவலகம். திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி கிஷன் ராவ், காக்கிப் பையைத் தோளில் மாட்டிய ஒல்லி மனிதர். என்னை நாற்காலியில் உட்கார வைக்காமல் நேரே ஜன்னலோரக் கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரில் ஐந்து வீட்டுப் பிளான்கள் ஒட்டியிருந்தன. மனையின் அகலத்துக்கு ஏற்ப ஒன்று முதல் ஐந்து வரை எண். வருகிறவன் தன் மனைக்கு எது பொருந்துமோ அந்த எண்ணைச் சொல்ல வேண்டியதுதான். இன்ஜினீயருக்குப் பணம் கட்ட வேண்டாம். டிரேசிங்கை வாங்கிக்கொண்டு போய் எதிர்க்கடையில் பிரிண்ட் எடுத்து வந்தால் அன்றைக்கே சீல்.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எங்கள் ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகை பிளான் பாஸாக வேண்டும் என்றால்கூட, கோப்பு ஒவ்வொரு மேஜையாகத் தங்கி இளைப்பாறி வரும். அதற்குள் மாடு செத்துப்போகும்.

“அன்றைக்கே சீல் வைக்கிறதுதான் மாயமா?” என்று கேட்டேன். கிஷன் ராவ் சிரித்தார். தெருமுனை இரானி ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், ஒரு டீயை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லி, உஸ்மானியா பிஸ்கட்டை அதில் நனைத்துக்கொண்டே சொன்னார். அவர் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

“வீடு கட்டுங்க, வாடகைக்கு விடுங்கன்னு மேடையில பேசினா எவனும் கட்ட மாட்டான் சார். சிமெண்ட் குடுத்தாக் கட்டுவான்.”

சிமெண்ட் அப்போது பெர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். ஆறு மாதம் காத்திருந்தால் பாதி மூட்டை மண்ணோடு வரும். வாடகைப் பகுதி கட்டச் சம்மதிக்கிறவனுக்கு முதல் வரிசையில் பெர்மிட். வீடு முடிந்ததும் குழாய் இணைப்பும் வரிசை தாண்டிக் கிடைக்கும். வாடகைப் பகுதிக்கு ஐந்து வருஷம் வீட்டு வரி கிடையாது. பதிலுக்கு இரண்டு நிபந்தனை. வாடகைக்கு ஓர் உச்சவரம்பு, அதைப் பிளானிலேயே எழுதிவிடுவார்கள். குடிவருகிறவரை வீட்டுக்காரர் தானே தேர்ந்தெடுக்க முடியாது. குறைந்த சம்பளக்காரர்களின் பதிவேடு ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, அதில் வரிசைப்படி வருகிறவர்தான்.

“ஏமாத்த மாட்டாங்களா?”

“ஏமாத்தாம இருப்பாங்களா? ஒருத்தர் வாங்கின சிமெண்ட்டுக்கு வீட்டைச் சுத்திக் கோட்டைச் சுவர் கட்டிட்டார். அதனாலதான் கடைசியில ஒரு சோதனை வச்சிருக்கேன். நான் நேர்ல வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் குடி வரலாம், குழாய் வரும், வரி போகும்.”

ஐந்து பிளான்களையும் மத்தியானம் வரை உட்கார்ந்து நகல் எடுத்தேன். தொழில் புத்தி. எந்த வீட்டில் எந்த மூலையில் எது இருக்கிறது என்பது மனப்பாடமாகிவிட்டது. அது பின்னால் எனக்கு வினையாக வந்தது.

புதன்கிழமை கிஷன் ராவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மல்லாபூர் போனேன். குடிவரக் காத்திருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க. வழியில் டயர் பஞ்சர். இரண்டு பேரும் ஒரு மைல் தள்ளினோம். கருங்கல் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன அந்த ஊரில். எது எப்போது விழுமோ என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தள்ளினேன்.

அங்கே ஒரு மரவாடியின் பின்புறத்தில் தகரக் கொட்டகை. நரசய்யா என்கிற தொழிலாளி, பக்கத்து ஃபேக்டரியில் லேத் ஹெல்பர், மனைவி லட்சுமியோடும் மூன்று வயதுப் பெண்ணோடும் நாற்பது நாள் கைக்குழந்தையோடும் இருந்தார். கொட்டகைக்குள் நான் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மரவாடியை விற்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தகரத்தைக் கழற்ற ஆள் வருகிறது. அவருக்கு ஒதுக்கியிருந்த வீடு எது என்று கேட்டேன். கிஷன் ராவ் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்: மல்காஜ்கிரி, செல்லத்துரை என்பவர் வீடு, நாளை சோதனை.

என் அத்தான் வீடுதான் என்று பெருமையாகச் சொன்னேன். கிஷன் ராவ் அதைத் தெலுங்கில் சொன்னதும் நரசய்யா எழுந்து நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒதுக்கீட்டுச் சீட்டை அவர் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். எடுத்துக் காட்டிவிட்டு மறுபடியும் அங்கேயே செருகினார்.

லட்சுமி தெலுங்கில் ஏதோ கேட்டாள். கிஷன் ராவ் மொழிபெயர்த்தார்: “தண்ணி பக்கத்துல இருக்கான்னு கேக்கறாங்க. இங்க ரயில்வே லைன் தாண்டிப் போய்க் கொண்டுவர்றாங்க.”

“குழாய் வீட்டுக்குள்ளேயே வரும்” என்றேன். பிளானில் அப்படித்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை அத்தான் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு புது வீட்டு வாசலில் நின்றார். அக்கா தட்டில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வைத்திருந்தாள். நரசய்யாவும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து, வேலி ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கிஷன் ராவ் அறைகளை அளந்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், சரி சரி என்று எழுதினார். மூன்றாம் எண் பிளான். பின்பக்கம் போய்க் கக்கூஸைப் பார்த்தார். அதுவும் சரி. பேனா மூடியைத் திறந்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெடும்.

“மூன்றாம் எண்ணில் கக்கூஸ் தென்கிழக்கு மூலையில் அல்லவா வரும்? இங்கே தென்மேற்கில் இருக்கிறதே? பிளானையே திருப்பிப் போட்டு அல்லவா கட்டியிருக்கிறது?” என்று இங்கிலீஷில் சொன்னேன். நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று அந்த அதிகாரிக்குத் தெரிய வேண்டாமா? அதோடு விட்டேனா? மேற்குச் சுவர்மேல் எம்பிப் பார்த்து, “ஐயையோ, இங்கே கிணறு இருக்கிறது” என்றும் சொன்னேன்.

கக்கூஸ் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே முப்பதடியாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அத்தான் தோண்டிய தொட்டிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் நடுவே பத்தடி, ஒரு மதில் சுவர். கிஷன் ராவும் எம்பிப் பார்த்தார். பேனா மூடியை மூடினார்.

நடந்தது இதுதான். பிளானின்படி சமையலறை தென்மேற்கில் வரும். அத்தானுக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் குடிவருகிறவர்கள் அக்கினி மூலை பார்ப்பார்களே, சமையலறை தென்கிழக்கில் இருந்தால்தானே சந்தோஷமாக வருவார்கள் என்று யோசித்திருக்கிறார். டிரேசிங்கைப் பிரிண்ட் கடையில் புரட்டிப் போட்டு எடுக்கச் சொல்லி, எழுத்துகளை மட்டும் நேராக எழுதி ஒட்டிவிட்டார். கவுண்டரில் இருந்தவர் தினமும் பார்க்கிற மூன்றாம் எண்தானே என்று சீல் வைத்துவிட்டார்.

“எங்க ஷாப்புல இது தெனமும் நடக்கது மாப்ள” என்றார் அத்தான். “வலது கை பீஸுக்கு ஒரு டிராயிங் வரும். எடது கை பீஸ் வேணும்னா அதையே திருப்பிப் பாத்துப் பண்ணிருவோம். ஒரு நூல் பெசகாது. முப்பது வருசமா பண்ணுதேன்.”

பீஸைச் செய்து எடுத்துக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். வீடு நின்ற இடத்தில் அல்லவா நிற்கிறது! இதையும் சொல்ல வாயெடுத்தேன். அக்கா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

கிஷன் ராவ் அத்தானிடம் கோபப்படவில்லை. என்னிடம்தான் மெதுவாகச் சொன்னார்: “நீங்க சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்போ தெரிஞ்சுபோச்சு. தொட்டியை மாத்துங்க, வர்றேன்.” நரசய்யாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பேனா மூடியதை அவரும் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

அன்று அக்கா எனக்குச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றவில்லை. மறதி இல்லை. ஷீலா மட்டும், ‘ஏன்’ என்பதற்கு அந்த ஊர் ‘கைக்கு’வைப் போட்டு, நேரே கேட்டாள்: “மாமா, கைக்கு சொன்னீங்க? அங்கிள் போனப்புறம் டாடி கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

சொல்லியிருக்கலாம்தான். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னது தப்பில்லை என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டேன். மழைக்காலம் வந்தால் அந்தக் கிணறு நாறியிருக்கும். ஆனாலும் நான் வாயைத் திறந்தபோது என் மனதில் கிணறு இல்லை. என் கெட்டிக்காரத்தனம்தான் இருந்தது. அதுதான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். கிழக்குப் பக்கம் ஐந்தடிச் சந்து இருந்தது. கக்கூஸிலிருந்து வீட்டின் பின்னாலேயே குழாய் போட்டு, தொட்டியை அந்தச் சந்தில் வைத்துவிடலாம். கிணற்றுக்கும் அதற்கும் தாராளமாக முப்பதடிக்கு மேல். அத்தான் வரைபடத்தைப் பார்த்தார், கடப்பாரையை எடுத்தார்.

எங்கள் ஊர்த் தேரிக்காட்டுச் செம்மணலில் ஒரு ஆள் கஞ்சி குடித்துவிட்டு இறங்கினால் மத்தியானத்துக்குள் இடுப்பளவு குழி தோண்டிவிடுவான். இங்கே இரண்டடியில் கடப்பாரை ‘டங்’ என்றது. இடம் மாற்றிக் குத்தினோம். அங்கேயும் ‘டங்.’ பாறை.

“கெணறு வெட்டப் பூதம் பொறப்பட்ட கதையால்லா இருக்கு!” என்றார் அத்தான். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் என் காதுபடச் சொன்ன முதல் வார்த்தை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பாறையைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆழம் போகவில்லை என்றால் நீளம் போக வேண்டியதுதான். குட்டையான நீளத் தொட்டியாகப் போட்டு, கக்கூஸின் தரையை மூன்று படி உயர்த்தினால் தண்ணீர் தானாக ஓடும் என்று வரைந்து காட்டினேன். கொத்தனார் ஒப்புக்கொண்டார். ஆனால் கல் கட்டி, பூசி, காய பதினைந்து நாளாவது ஆகும் என்றார். சாயங்காலம் கிஷன் ராவ் வரைபடத்தைப் பார்த்து, “நல்ல யோசனை. ஆனா கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?” என்றார். போகிறவர் திரும்பி வந்து இன்னொன்று சொன்னார். தொட்டி தயாராகும் வரை தன் கக்கூஸைக் குடிவருகிறவர்கள் பயன்படுத்தலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால், தற்காலிகமாகக் குடிவர விதியில் இடம் இருக்கிறதாம்.

கிழக்கே காலி மனை. பக்கத்து வீடு என்றால் கிணற்று வீடு ஒன்றுதான்.

“நக்கோ” என்றார் அத்தான். “அந்தம்மா கெணத்துப் பக்கத்துல குழி தோண்டிட்டு, அந்தம்மா கிட்டயே போய் நிக்கவா? எனக்கு மொகம் இல்ல.”

வாயால் கெடுத்தவன்தானே வாயால் சரிபண்ண வேண்டும்? சனிக்கிழமை காலை ஷீலாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு நானே போனேன்.

அந்த அம்மாள் பெயர் ரஷீதா. நாற்பது வயதிருக்கும். புருஷன் மஸ்கட்டில். தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் அந்தக் கிணறு, நல்ல கருங்கல் கட்டு. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே தெருப் பெண்கள் இரண்டு பேர் கேட்காமலே உள்ளே வந்து இறைத்துக்கொண்டு போனார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முதலில் ரஷீதா மெஷினை நிறுத்தினாள். அப்புறம் எழுந்தாள். அப்புறம் தக்கணி உருதுவில் மூச்சு விடாமல் பேசினாள். ஷீலா சிவந்துபோய், “ஆன்ட்டி வருத்தப்படறாங்க” என்று மட்டும் மொழிபெயர்த்தாள். பாதிக்கு மேல் விட்டுவிட்டாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

பேசி முடித்து, ரஷீதா கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். குடிக்கச் சொல்கிறாள் என்றாள் ஷீலா. குடித்தேன். ஹைதராபாத் வந்ததிலிருந்து அப்படித் தண்ணீர் குடிக்கவில்லை.

“இதுல போய்க் கலக்கப் பாத்தீங்களான்னு கேக்கறாங்க” என்றாள் ஷீலா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறென்ன செய்ய? ரஷீதாவே, யார் குடிவருகிறார்கள் என்று கேட்டாள். நரசய்யாவையும் லட்சுமியையும் தகரக் கொட்டகையையும் சொன்னேன். கைக்குழந்தைக்கு எத்தனை நாள் என்றாள். நாற்பத்துமூன்று என்றேன். அவள் மெஷினில் போய் உட்கார்ந்து, கையில் இருந்த சட்டையின் காலரைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

“முதல்ல அந்தக் குழியை என் கண்ணு முன்னால மூடுங்க. அப்புறம் காகிதத்தைக் கொண்டு வாங்க.”

கட்டி முடித்து மூடிபோட்ட தொட்டி அது. அத்தானே சம்மட்டியால் மூடியை உடைத்தார். முதல் அடி விழுந்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெர்மிட் சிமெண்ட் ஆயிற்றே! சொல்லியனுப்பியதும் நரசய்யா ஃபேக்டரியிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சந்தில் தோண்டிய மண்ணையும் கல்லையும் கூடை கூடையாக அள்ளிக் கொண்டுவந்து கொட்டினோம். நானும் சுமந்தேன். பேனா பிடித்த கை, நான்காவது கூடையில் கொப்பளித்துவிட்டது. ரஷீதா மதில் ஓரம் ஒரு முக்காலி போட்டு ஏறி நின்று, கடைசிக் கூடை விழும் வரை பார்த்தாள். அக்கா கேட்காமலே எல்லோருக்கும் எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு கரண்டி கூடவே விழுந்தது.

சனிக்கிழமை அலுவலகம் அரைநாள்தான். கிஷன் ராவ் அலுவலகத்தை மூடிவிட்டு, ஸ்கூட்டரில் வந்து, நிரவிய மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார். ரஷீதா உருதுவில் கையெழுத்துப் போட்டாள். கிஷன் ராவ் பேனா மூடியைத் திறந்தபோது நான் வேலிக்கு வெளியே தெருவில் போய் நின்றுகொண்டேன். என்னை நானே நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நாங்கள் வந்தபோது வாசலில் கைவண்டி நின்றது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கயிற்றுக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, சாமி படம். அவ்வளவுதான் குடித்தனம். லட்சுமி பால் காய்ச்சினாள். சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறது என்று நரசய்யா திருப்தியாகச் சொன்னதாக ஷீலா சொன்னாள். அத்தான் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அன்று சாயங்காலம் ரயில். அத்தான் ஸ்டேஷனுக்கு வந்தார், பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார், ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்கு வந்து அறிக்கை எழுதினேன். சிமெண்ட், ஒரே நாளில் சீல், வரிச் சலுகை, குடிவருவோர் பதிவேடு எல்லாம் எழுதினேன். கடைசியில், பிளானில் அடுத்த மனையின் கிணறு எங்கே இருக்கிறது என்று குறிக்காமல் எந்தப் பிளானுக்கும் சீல் வைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். இதெல்லாம் எதற்கு என்றார் கமிஷனர். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை, வாயை அடக்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவர்களும் புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள். நான் வரைந்த தொட்டி நன்றாக இருக்கிறது. மூன்று படி ஏறிக் கக்கூஸ் போகிற வீடு என்று தெருவே சிரிக்கிறது. அப்புறம் இப்படி எழுதியிருந்தாள்:

“கொழாய் வந்துட்டு. தண்ணிதான் வரல. வாரத்துல ரெண்டு நாள், அதுவும் அரை மணி நேரம். லட்சுமியும் நானும் ரஷீதா வீட்டுக் கெணத்துலதான் எறைக்கோம். தெருவே அங்கதான் நிக்கி. அத்தான் ஒன் கூடப் பேசப்போறதில்லன்னு சொல்லச் சொன்னாவ. ஆனா காலம்பற காப்பிக்கு அந்தக் கெணத்துத் தண்ணிதான் வேணுங்காவ. வாளிய எடுத்துக்கிட்டு அவியளே போறாவ.”